கிட்டார் ஆம்ப் வாங்குவதும் அதில் நல்ல டோன் பிடிப்பதும்

கிட்டார் வாங்கும்போது மரம், பிக்கப், கழுத்து, ஃப்ரெட் என்று ஒவ்வொன்றாக அலசிப் பார்க்கிறவர்கள்கூட, ஆம்ப் என்று வந்தால் மிச்சமிருக்கும் பணத்துக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பங்கு ஆம்பும் அதன் ஸ்பீக்கரும் செய்கிற வேலை. சுமாரான கிட்டாரை நல்ல ஆம்பில் செருகினால் கேட்கும்படி இருக்கும். நல்ல கிட்டாரை மோசமான ஆம்பில் செருகினால் மோசமான ஆம்ப்தான் கேட்கும்.

எந்த ஆம்ப் என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: பெரும்பாலும் எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப்போகிறீர்கள்? பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போதா, டிரம்ஸோடு பயிற்சி அறையிலா, மைக் வைத்த மேடையிலா? ஆம்பின் வகை, வாட், ஸ்பீக்கர் தொடங்கி, கடைசியில் ஒவ்வொரு குமிழையும் எங்கே நிறுத்துவது என்பதுவரை எல்லாம் அந்தச் சத்தத்தைப் பொறுத்தே மாறும்.

வாட் கணக்கு

100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்பைவிடப் பத்து மடங்கு சத்தம் போடாது. பவர் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் தேவை. ஆகவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியும் இதே அளவுக்கு முக்கியம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், அது ஆம்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம்.

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 5 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பே அதிகம். அதை முழுக்கத் திருப்பினால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். டிரம்ஸோடு வாசிக்க வால்வு என்றால் 15 முதல் 30 வாட், டிரான்சிஸ்டர் என்றால் 50 வாட்டுக்கு மேல் பாருங்கள். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. எல்லையைத் தாண்டும்போது வால்வு மெல்ல நசுங்கி இனிமையாக உடையும் (ஒலி கரகரத்துச் சிதையும்), அந்த உடைசலையும் சேர்த்துத்தான் வாசிக்கிறோம். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் எல்லையில் வெடுக்கென்று வெட்டும், அதனால் அந்த எல்லைக்குப் போகாமல் இருக்கக் கூடுதல் வாட் வேண்டும். 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு மேடைகளில் வேலை செய்கிறது, மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். 85 வாட் ட்வின் ரிவெர்ப் காது வலிக்கும்வரை க்ளீனாகவே (உடையாமல்) நிற்கும். அது சுமார் 29 கிலோ எடை. மாடிப்படி ஏற்றுவது யார் என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள்.

மூன்று வகைகள்

வால்வு ஆம்பை வாசிக்கிறவர்கள் ட்யூப் ஆம்ப் என்பார்கள். முன்பகுதியில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வால்வுகள், பின்பகுதியில் பவர் வால்வுகள். ஆம்பின் குணத்தில் பவர் வால்வுக்கும் பங்கு உண்டு. ஃபெண்டர் பெரிய ஆம்ப்களில் 6எல்6, சின்னவற்றில் 6வி6. வாக்ஸ் ஏசி30-ல் நான்கு இஎல்84. மார்ஷல் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இஎல்34. விரலின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்வது இந்த வகையின் பலம். எடை, விலை, தேயும் வால்வு, சத்தமாக வைத்தால்தான் முழு குணம் வெளிவருவது ஆகியவை பலவீனம்.

டிரான்சிஸ்டர் ஆம்பை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ரோலண்ட் ஜேசி-120 அந்த வகைதான். 1975-ல் வந்த அதன் க்ளீன் ஒலியை இன்றும் தேடி வாங்குகிறார்கள். பெடல்களை வைத்தே டோன் செய்கிறவருக்கு இது நம்பகமான அடித்தளம்.

மாடலிங் ஆம்ப் பல ஆம்ப்களின் நடத்தையைக் கணினி முறையில் செய்துகாட்டும். ஹெட்ஃபோன், யுஎஸ்பி, எஃபெக்ட் எல்லாம் உள்ளேயே இருக்கும். வீட்டில் குறைந்த சத்தத்தில் வாசிப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். மெல்லிய சத்தத்தில் இது தரும் க்ரஞ்ச் (லேசாக உடைந்த) ஒலியை, அதே விலையில் கிடைக்கும் வால்வு ஆம்பால் அந்தச் சத்தத்தில் தர முடியாது.

ஸ்பீக்கர் அளவைக் குறைத்து எடை போடாதீர்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். 6 அங்குல ஸ்பீக்கர் அந்த அடி ஒலியைக் கொண்டுவரத் திணறும். 10 அங்குலம் துடிப்பாக இருக்கும், 12 அங்குலம் நிறைவாக இருக்கும். பின்பக்கம் திறந்த பெட்டியின் ஒலி அறை முழுக்கப் பரவும். மூடிய பெட்டி அடி ஒலியை இறுக்கமாக, நேராக முன்னால் தள்ளும்.

கடையில் சோதிப்பது

உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். சாதாரண பிக்கப்போடு நீளக் கேபிள் சேர்ந்தால் மேல் ஒலி மங்கும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும், நீளம் கூடக்கூட இதுவும் கூடும். கடையின் 3 மீட்டர் கேபிளில் பளிச்சென்று கேட்டது, வீட்டில் உள்ள 9 மீட்டர் கேபிளில் போர்வை போர்த்தியதுபோல் கேட்கலாம்.

ரிவெர்ப், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். கெயின் (உள்ளே வரும் சிக்னலை ஏற்றி ஒலியை உடைக்கும் குமிழ்) குறைவாக, பேஸ் (அடி ஒலி), மிட் (நடு ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) மூன்றும் 12 மணி நிலையில் (குமிழின் குறி கடிகார முள்போல் நேர் மேலே). முதலில் க்ளீன். ஆறு கம்பிக்கும் ஒரு கார்டு அடித்து அப்படியே விடுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, ஒலி தேயும்போது சீராகத் தேய்கிறதா, கடைசியில் கரகரத்து அறுந்துபோகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, பக்கத்தில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். வீட்டுக்கு வாங்குவதென்றால் முடிவு செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான். குறைந்த சத்தத்தில் ஒல்லியாக, உயிரில்லாமல் ஒலித்தால் அந்த ஆம்ப் வீட்டுக்கு ஆகாது. மாஸ்டர் குமிழ் (மொத்தச் சத்தத்துக்கானது) 1-க்குக் கீழே ஒரு மயிரிழை நகர்ந்தாலே சத்தம் குதித்தால் அதுவும் ஆகாது.

இப்போது கெயினை மெல்ல ஏற்றி, பலமாக அடித்தால் உடைந்து மெதுவாக அடித்தால் க்ளீனாக இருக்கும் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அங்கே நிறுத்திவிட்டு, கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். நல்ல ஆம்பில் சத்தம் குறைவதைவிட உடைசல் அதிகமாகக் குறையும், கார்டின் சுரங்கள் தெளிந்து பிரியும், மறுபடி 10-க்கு ஏற்றினால் கரகரப்பு திரும்பி வரும். ஒரே குமிழில் இரண்டு மூன்று டோன் கையில் இருக்கும். வால்யூமை இறக்கும்போது மேல் ஒலி மட்டும் செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் கிட்டாரின் வால்யூம் சுற்று. சின்ன கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் சரியாகும். ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

தடித்த கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் பெட்டியில் திருகோ முன்வலையோ தளர்ந்திருக்கும், அல்லது ஸ்பீக்கர் காயில் உரசும். எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், புதிய ஆம்பில் கரகர சத்தம் வரக் கூடாது. கடைசியில் கெயினை ஏற்றி, வாசிக்காமல் கேளுங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இரையும், உடம்பைத் திருப்பி நின்றால் அந்த இரைச்சல் கூடிக் குறையும், இது இயல்பு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தாலும் இயல்புதான். தொட்டதும் கூடினால் எர்த்தில் கோளாறு. அந்த ஆம்பை உடனே அணையுங்கள்.

இவ்வளவையும் ஆம்பின் தலைமாட்டில் நின்றபடி கேட்டால் பாதிதான் தெரியும். கிட்டார் ஸ்பீக்கரின் மேல் ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போகும். கால் முட்டிக்கு அடிக்கிற ஒலியைக் காது அறியாது. ஆம்பை நாற்காலியில் ஏற்றி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, காது ஸ்பீக்கருக்கு நேராக வரும்படி நின்று கேளுங்கள்.

பழைய வால்வு ஆம்ப் வாங்குவதானால் பென்சிலின் ரப்பர் முனையால் முன்வரிசை வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் சின்னதாக ‘டொக்’ கேட்டால் பரவாயில்லை. மணி அடித்ததுபோல் ரீங்காரம் நீண்டால் அந்த வால்வு மைக்போல் அதிர்வைப் பிடிக்கிறது, மாற்ற வேண்டும். விளக்கைக் குறைத்துவிட்டுப் பவர் வால்வுகளைப் பாருங்கள். உள்ளே இழை ஆரஞ்சாக ஒளிர்வது சரி. வெளித்தகடு சிவந்து ஜொலித்தால் பயாஸ் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) தப்பியிருக்கிறது, அல்லது வால்வு போய்விட்டது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

வேறு நாட்டிலிருந்து வரும் ஆம்பாக இருந்தால் பின்பக்கம் அச்சிட்ட வோல்ட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் செருகினால் ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

ஓம் விஷயத்தில் தவறவே கூடாது

தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), தனி கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என்றால் இரண்டின் ஓமும் (மின்தடை அளவு) பொருந்த வேண்டும். 8 ஓம் கேபினெட் என்றால் ஹெட்டில் 8 ஓம் துளை. இரண்டு 8 ஓம் கேபினெட்டை இணையாக மாட்டினால் 4 ஓம், தொடராக மாட்டினால் 16. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம், ஆம்பில் அதிக விலையுள்ள பாகங்களில் அது ஒன்று. டிரான்சிஸ்டர் ஆம்பில் நிலைமை வேறு. குறிப்பிட்ட ஓமுக்கு மேலே போகலாம், கீழே போகக் கூடாது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். கிட்டார் கேபிள் அதே பிளக்கோடு பொருந்தினாலும் உள்ளே உள்ள கம்பி மெல்லியது, சூடாகும்.

டோன் பிடிக்கும் முறை

எல்லாக் குமிழும் 5-ல் இருந்தால் சமநிலை என்று நினைப்பது பரவலான தவறு. ஃபெண்டர் வகை ஆம்பில் மூன்றையும் நடுவில் வைத்தால் நடு ஒலி நன்றாகவே குழிந்திருக்கும். அங்கே சமமான ஒலிக்கு அருகில் போக மிட் 10, பேஸும் ட்ரெபிளும் ஏறக்குறைய 0 என்று வைக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சுற்று எதையும் கூட்டுவதில்லை, எல்லாக் குமிழும் வெட்டத்தான் செய்யும், ஒன்றைத் திருப்பினால் மற்றதின் வேலையும் மாறும். வாக்ஸ் டாப் பூஸ்ட் சுற்றில் மிட் குமிழே கிடையாது. பேஸையும் ட்ரெபிளையும் இறக்கினால் நடு ஒலி தானாக மேலே வரும். ஏசி30-ல் இருக்கும் ‘கட்’ குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் ஒலி குறையும். ஆகவே எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். உண்மையில் எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறீர்களோ அதே சத்தத்தை முதலில் வையுங்கள். பிறகு கெயின். பிறகு மிட்டை 0-விலிருந்து 10 வரை மெதுவாகத் திருப்பி, கிட்டார் முன்னால் வந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து பேஸ். தடித்த கம்பியை உள்ளங்கையால் அடக்கி வாசித்து, அடி ஊதிப்போகும் இடம் வரை ஏற்றிக் கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம் ட்ரெபிள். ப்ரெசன்ஸ் (மிக உயர்ந்த மேல் ஒலிக்கான குமிழ்) இருந்தால் அது கடைசி. ஒரு நேரத்தில் ஒரு குமிழ்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள். களைத்த காது ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போகும்.

க்ளீனுக்குக் கெயின் 9 மணி அளவில், பேஸும் மிட்டும் நடுவில், ட்ரெபிள் சற்று மேலே என்று தொடங்கலாம். க்ரஞ்சுக்குக் கெயின் 12 மணிக்கு அருகில், பேஸ் கொஞ்சம் கீழே, மிட் 2 மணி. கனமான டிஸ்டார்ஷனுக்குக் கெயின் 2 மணியைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலான ஆம்ப்களில் வராது, பேஸ் 10 அல்லது 11 மணி, மிட் நடுவுக்குக் கீழே போகாமல். இவை புறப்படும் இடங்கள்தான், அங்கிருந்து காதை வைத்து நகருங்கள்.

கெயினை எல்லோரும் கூடுதலாகவே வைக்கிறார்கள். டிஸ்டார்ஷன் ஒவ்வொரு சுரத்தையும் உடைப்பதோடு, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாக உண்டாக்கும். அடிச்சுரமும் ஐந்தாவதும் மட்டும் உள்ள பவர் கார்டில் அந்தப் புதிய ஒலிகள் கார்டோடு ஒத்துப்போகும். மூன்றாவது சுரமும் சேர்ந்த முழு கார்டில் அவை இடறி, சேறாகிவிடும். முழு கார்டு அடித்துப் பாருங்கள், சுரங்கள் பிரிந்து கேட்கும்வரை கெயினை இறக்குங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் போதாததுபோல் தோன்றும் அளவுதான் பேண்டோடு சரியாக இருக்கும்.

சேறுக்கு இன்னொரு மருந்து, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் அடி ஒலியைக் குறைப்பது. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் இதற்குக் கைகண்டது. 720 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள நடு ஒலியைத் தூக்கி, அதற்குக் கீழே உள்ளதை அடக்கும். டிரைவ் 0-வுக்கு அருகில், டோன் நடுவில், லெவல் முழுக்க அல்லது முக்கால் என்று வைத்து, ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் ஆம்பின் முன்னால் போடுங்கள். தடித்த கம்பிகள் இறுகிவிடும்.

பிக்கப் உயரத்தையும் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்கலாம். ரொம்ப நெருங்கினால் ஒலி தடித்துக் குழம்பும், சிங்கிள் காயிலின் காந்தம் கம்பியையே இழுத்துச் சுரத்தைக் கலைக்கும்.

வீட்டில் நன்றாக இருந்தது மேடையில் ஏன் கெடுகிறது

குறைந்த சத்தத்தில் காது அடி ஒலியையும் மேல் ஒலியையும் குறைவாகவே கேட்கும். 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். அதனால் வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குழித்து வைத்தால் இனிமையாக இருக்கும். அதே அமைப்பை மேடைச் சத்தத்துக்கு ஏற்றினால் அடி ஊதும், மேல் காதைக் குத்தும், நடுவில் கிட்டாரே காணாமல் போகும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் கீழே இடம் பிடித்திருக்கின்றன, சிம்பல்கள் மேலே. கிட்டாருக்கு மிஞ்சியிருப்பது நடு. ‘பேண்டில் என் கிட்டார் கேட்கவே மாட்டேன் என்கிறது’ என்பவர் வால்யூமைத் தொடுவதற்கு முன் மிட்டை ஏற்றிப் பார்க்கட்டும்.

ஆம்ப் சுவர் மூலையில் இருந்தால் அடி ஒலி கூடும். பேஸ் குமிழைத் தொடாமல், மூலையிலிருந்து ஒரு மீட்டர் வெளியே இழுங்கள். ஒலி குத்தினால் ஆம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள்.

பெடல்கள், லூப், மாடலிங்

வா, கம்ப்ரெசர், ஓவர்டிரைவ் ஆகிய பெடல்கள் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே. டிலே, ரிவெர்ப் ஆகியவை, ஆம்பின் கெயினைக் கொண்டு உடைக்கும்போது, எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டும் துளைகள்). அவற்றை முன்னால் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் மறுபடி உடைந்து, அடுத்த சுரத்தின் மேல் கொட்டும். க்ளீன் ஆம்பானால் லூப் இல்லாமலும் சமாளிக்கலாம்.

மாடலிங் ஆம்பில் தயாராக வரும் ப்ரீசெட்கள் கடையில் ஒரு நிமிடம் கேட்டுப் பிரமிப்பதற்கு அமைத்தவை. கெயினும் ரிவெர்பும் தாராளம். எல்லாவற்றையும் அணைத்து, ஒரு ஆம்ப், ஒரு கேபினெட் என்று வெறுமையிலிருந்து தொடங்குங்கள். தனி மாடலர் (ஸ்பீக்கர் இல்லாத மாடலிங் கருவி) வைத்திருந்தால் கேபினெட் சிமுலேஷனில் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) கவனம் தேவை. ஹெட்ஃபோனுக்கோ பிஏ-வுக்கோ (மேடை ஒலிபெருக்கி) போகும்போது அது இயங்க வேண்டும், கிட்டார் ஸ்பீக்கருக்குள் போகும்போது அணைந்திருக்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும், டிஸ்டார்ஷனின் கூரான இரைச்சலை மறைப்பதே அதுதான். அந்த வடிகட்டல் இல்லாமல் ஹெட்ஃபோனில் கேட்டால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் இருக்கும். இரண்டு முறை வடிகட்டினால் ஒலி கம்பளிக்குள் புதைந்துவிடும். ஹெட்ஃபோனில் அமைத்த டோன் ஸ்பீக்கரில் அப்படியே நிற்காது, இரண்டுக்கும் தனித்தனியாகச் சேமியுங்கள்.

டோன் பிடித்ததும் குமிழ்களைப் படம் எடுத்து வையுங்கள், எந்தக் கிட்டார், எந்தப் பிக்கப், எந்த அறை, எவ்வளவு சத்தம் என்பதையும் சேர்த்து. மறுநாள் காலை ஓய்ந்த காதோடு அதையே மறுபடி வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் ட்ரெபிளை ஒரு படி இறக்குவீர்கள். புதிய ஸ்பீக்கரின் கூம்பு வாசிக்க வாசிக்கத் தளர்ந்து மேல் ஒலி கொஞ்சம் மென்மையாகும். அதனால் முதல் மாதத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து அதே குமிழ்களை இன்னொரு முறை காதால் சரிபாருங்கள்.